கரண்ட் பில் விஷயத்துல வீட்டுக்கார அக்காகிட்ட எப்படிப் பேசறது?

வணக்கம்ங்க. பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில மாடி வீட்டுல 4 வருஷமா வாடகைக்கு இருக்கோம். கீழே வீட்டுக்கார அக்கா குடும்பம். என் பிரசவத்தப்ப தினமும் பத்தியச் சாப்பாடு செஞ்சு படியேறி வந்து குடுத்தவங்க. இப்ப ஒரு வாரமா சரியா முகம் குடுத்துப் பேசறதில்லைங்க.

ரெண்டு வீட்டுக்கும் ஒரே மீட்டர். இந்தத் தடவை பில்லை மடிச்சுக் கதவிடுக்குல சொருகியிருந்தாங்க, பின்னாடி பென்சில்ல "பாதி"ன்னு மட்டும் எழுதி. அவங்க ஏசி வாங்கினது இந்தக் கோடையிலதான். எங்ககிட்ட ஏசி இல்லை.

கேரளாவுல 2 மாசத்துக்கு ஒருக்கா பில். மாசம் 250 யூனிட்டைத் தாண்டிட்டா, தாண்டினதுக்கு மட்டுமில்லைங்க, முதல் யூனிட்லிருந்து மொத்தத்துக்கும் கூடுன ரேட். தனித்தனியா இருந்தா ரெண்டு வீடுமே அந்த அளவைத் தொடாது. அதனால இதுல அவங்க தப்பும் இல்லை, எங்க தப்பும் இல்லை. சப் மீட்டர் வச்சா யாரு எவ்வளவுன்னு தெரியும், ஆனா ரேட் குறையாதே. மாடிக்குத் தனி கனெக்‌ஷன்தான் தீர்வுன்னு எனக்குத் தோணுது.

வீட்டுக்காரங்ககிட்டப் பேசித் தனி கனெக்‌ஷன் வாங்கினவங்க இருக்கீங்களா? செலவை எப்படிப் பிரிச்சீங்க? எங்க 11 மாச அக்ரிமெண்ட்ல கரண்ட் பத்தி ஒரு வரிகூட இல்லை. அடுத்த மாசம் புதுப்பிக்கணும், அதுல என்ன எழுதலாம்? வீட்டுக்காரங்களா இருக்கறவங்களும் சொல்லுங்க, பேச்சை எப்படி எடுத்தா அக்கா மனசு நோகாது?