மறு: ஆஃப்செட் ஸ்பேச்சுலாவுக்குத் தமிழ்ச்சொல் (சுழல்பீடம், பிழிபை முதலியவும்)

குழுவினருக்கு வணக்கம்.

கேக் அலங்காரக் கருவிகளுக்குப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. ஆனால் எந்தக் கருவிக்காகத் தொடங்கினோமோ, கேக்கில் கிரீம் பரப்பும் அந்த ஆஃப்செட் ஸ்பேச்சுலா மட்டும் இன்னும் பெயரில்லாமல் கிடக்கிறது. (ஸ்பேச்சுலாவைத்தான் இழையில் ‘சட்டுவம்’ என்கிறோம்.)

> ஆஃப்செட் அச்சுக்கு ‘மறுதோன்றி’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறதே. ‘மறுதோன்றிச் சட்டுவம்’ என்றால் என்ன குறை?

அச்சுத்தொழிலில் தகட்டில் உள்ள உருவம் நேராகத் தாளில் பதிவதில்லை. முதலில் ரப்பர் போர்த்திய உருளையில் பதிந்து, அங்கிருந்து தாளில் மறுபடி தோன்றுகிறது. அந்தத் தொழிலுக்கு அது அருமையான சொல். நம் கருவியில் எது மறுபடி தோன்றுகிறது? ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒரே சொல்லாக இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. தம் துறையில் ஆஃப்செட்டுக்கு வழங்கும் சொல்லை வைத்து ‘விலக்கச் சட்டுவம்’ என்ற கணினித்துறை நண்பருக்கும் இதுவே பதில். யாரை விலக்குவது?

கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். பிடியை விட்டு வெளிவந்ததுமே தகடு கீழ்நோக்கி மடிகிறது. பிறகு மறுபடி மடிந்து, பிடிக்கு ஏறத்தாழ இணையாக நீள்கிறது. இந்த மடிப்பு அழகுக்காக அல்ல. நேரான தகட்டை வைத்துக் கேக்கின் மேற்பரப்பில் கிரீம் பரப்பினால், தகட்டைப் படிய வைத்த உடனே விரல் முட்டிகள் கிரீமில் உரசும். உரசாமலிருக்கக் கையை உயர்த்தினால் தகட்டின் நுனி கிரீமைக் கீறும். மடிந்த தகட்டில் இந்தத் தொல்லை இல்லை. கை மேலே இருக்க, தகடு கீழே படிந்து கிடக்கும். விளிம்பு உயர்ந்த தட்டில் மாவைச் சமப்படுத்தும்போது இதன் அருமை இன்னும் நன்றாகத் தெரியும். நேர்த்தகடு விளிம்பிலேயே இடித்துக்கொண்டு நின்றுவிடும்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த மடிப்பைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் ‘ஸ்பாட்யூல் கூதே’ என்கிறார்கள். முழங்கைபோல மடிந்தது என்று பொருள். ஜெர்மனில் ‘விங்கல்பலெட்டே’, விங்கல் என்றால் கோணம். இதைப் பார்த்து ‘கோணச் சட்டுவம்’, ‘வளைசட்டுவம்’, ‘மடக்குச் சட்டுவம்’ என்று மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன. வளைசட்டுவம் என்றால் தகடே வில்லாக வளைந்திருப்பதாகத் தோன்றும். மடக்குச் சட்டுவம் என்றால் மடக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். கோணம் பரவாயில்லை, ஆனால் ‘கோணல்’ பக்கத்திலேயே நிற்கிறது.

என் முன்மொழிவு: தாழ்சட்டுவம். பிடியைவிடத் தகடு தாழ்ந்திருக்கிறது என்பதே இக்கருவியின் உயிர். மடிப்பு அதற்கான வழி மட்டுமே. மடிப்பில்லாததை ‘நேர்சட்டுவம்’ என்றால் இணை கச்சிதமாக அமைகிறது. ‘தாழ்’ என்பது இழிவைக் குறிக்காதா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: காற்றழுத்தத் தாழ்வுநிலை என்று வானிலை அறிக்கையில் கேட்கிறோம், யாரும் காற்றுக்காக வருந்துவதில்லை.

சட்டுவம் என்ற பழஞ்சொல்லை இங்கே பரப்பும் கருவிக்கென்று ஒதுக்கிவிடலாம் என்பதும் என் ஆசை. ஆங்கிலத்தில் புரட்டுவது, பரப்புவது, கிண்ணத்தை வழிப்பது எல்லாமே ஸ்பேச்சுலாதான். நமக்கு அந்த வறுமை வேண்டாம். புரட்டுவது திருப்பி, பரப்புவது சட்டுவம், கிண்ணத்தை வழிக்கும் சிலிக்கான் கருவி வழிகரண்டி.

பக்கவாட்டை மழமழப்பாக்கும் ஸ்கிரேப்பருக்கு ‘வழித்தகடு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் நல்லது, ஒற்றுதான் தவறு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது: வழிதகடு. ‘த்’ போட்டால் பாதையில் பதிக்கும் தகடு ஆகிவிடும். இதே காரணத்தால்தான் கிரீமைப் பிழியும் பைக்கு ‘பிழிப்பை’ கூடாது, பிழிபை. ஏவுகணை நிலைத்ததற்கு அதன் வினைத்தொகை அமைப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சொல்லும்போதே கருவி வேலை செய்கிறது.

கேக்கை வைத்துச் சுற்றும் டர்ன்டேபிளுக்குத் ‘திகிரி’ என்ற முன்மொழிவைப் படித்து மகிழ்ந்தேன். குயவர் சக்கரத்துக்கும் அந்தப் பெயர் உண்டு, செயலும் ஒத்துப்போகிறது. வழிதகட்டைச் செங்குத்தாக நிறுத்தி அசையாமல் பிடித்துக்கொண்டு, தட்டைச் சுற்றினால்தான் கிரீம் வழவழப்பாகும். கையைச் சுற்றினால் அலை அலையாக நிற்கும். இருந்தாலும் இன்று திகிரி என்றால் அகராதி புரட்ட வேண்டியிருக்கும். சுழல்பீடம் போதும்.

பிழிபையின் நுனியில் பொருத்தும் நாசிலுக்கு வெறும் ‘முனை’ போதுமானது. விண்மீன்முனை, இதழ்முனை, இலைமுனை என்று தானே பெருகிக்கொள்ளும். எண்களை மட்டும் தொடாதீர்கள். வில்ட்டன் நிறுவன வரிசையில் 104 இதழ்முனை, 352 இலைமுனை, 1எம் பெரிய விண்மீன்முனை. செய்பவர்கள் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். பிழிபையைக் காலி செய்யாமலே முனையை மாற்ற உதவும் இருதுண்டுக் கருவிக்கு ‘முனைப்பூட்டு’ சரியாக இருக்கும். உள்ளே ஒரு கூம்பு, வெளியே ஒரு திருகு வளையம், நடுவே முனை பூட்டப்படுகிறது.

> கேக்கையே ‘அணிச்சல்’ என்று எழுதாமல் கருவிக்குச் சொல் தேடுவது வீண்.

அணிச்சல் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் அந்தச் சண்டையை இங்கே இழுத்தால் தாழ்சட்டுவம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். கேக், கிரீம், ஐசிங் மூன்றையும் அப்படியே விடுவோம். கிரீமைக் ‘களிம்பு’ என்றவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: புண்ணுக்குத் தடவுவதைத் தின்னக் கொடுக்காதீர்கள்.

மீதமிருப்பது பூ செய்யும் ஆணி. தட்டையான வட்டத் தலை, கீழே நீண்ட தண்டு. தலையில் சிறு துண்டுக் காகிதத்தைக் கிரீம் பொட்டு வைத்து ஒட்டி, தண்டை இரு விரலால் உருட்டியபடியே இதழ்முனையின் அகன்ற பக்கம் கீழே இருக்குமாறு பிழிந்தால் ரோஜா ஒவ்வோர் இதழாக வளரும். முடிந்ததும் காகிதத்தோடு எடுத்துக் குளிரவைக்கலாம். ‘பூவாணி’ என்று எழுதிப் பார்த்தேன். பெண்பிள்ளைப் பெயர்போல இருக்கிறது என்கிறார்கள் வீட்டில். ‘மலராணி’ அதைவிட மோசம், அரசியாகிவிடுகிறாள். மறுப்பு இல்லையென்றால் பூவாணியையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.