வழுக்குமரமா, சறுக்குமரமா? ‘டிராக்‌ஷன் கண்ட்ரோல்’ சொல்லாக்கம் பற்றி

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டியரிங்கின் தன்மையையும், சக்கரம் பிடியில்லாமல் வீணாகச் சுற்றுவதை அடக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோலின் அளவையும் ஓட்டுநரே மாற்றிக்கொள்ளும் வசதிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று நான்கு நாளாக நடக்கும் விவாதத்தைப் படித்துவருகிறேன். இதுவரை டிராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு ‘இழுவைக் கட்டுப்பாடு’, ஸ்டியரிங் கைக்குத் தருவதற்குச் ‘சுக்கான் உணர்வு’, ஓட்டுநர் தேர்ந்தெடுக்கும் ‘மோட்’ என்பதற்கு ‘முறை’ ஆகியவை முன்வைக்கப்பட்டிருக்கின்றன. மூன்றும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் சொல்வதற்கு முன், இந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் மருமகன், அதாவது அக்காள் மகன், சென்ற மாதம் அம்பாசமுத்திரம் வந்திருந்தான். என் சித்தப்பாவிடம் மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. ஜி.டி. ஆர் என்ற காரின் உட்புறப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். சித்தப்பா முப்பது ஆண்டுகள் லாரி ஓட்டியவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தில் தெரிந்த மஞ்சள் குமிழ் ஒன்றின்மேல் விரலை வைத்து இது என்ன என்று கேட்டார். “இழுவைக் கட்டுப்பாடு, தாத்தா. ஒன்பது படி இருக்கிறது” என்றான் மருமகன். சித்தப்பா சிறிது யோசித்தார். “இழுவையைக் கட்டுப்படுத்தினால் வண்டி எப்படிப் போகும்?” என்றார்.

மருமகனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. சொல் தவறு என்பது மட்டும் அப்போதே தெரிந்துவிட்டது.

‘இழுவை’ என்பது லாரிக்காரருக்கு இன்ஜினின் வலு. ஏற்றத்தில் வண்டி இழுக்கிறதா, திணறுகிறதா என்பதுதான் அவருக்குத் தெரிந்த இழுவை. நீதிமன்றத்தில் கிடக்கும் வழக்கும் இழுவைதான். அந்தக் கருவியோ வலுவைக் காப்பதற்காக இருப்பது. நான்கு சக்கரங்களின் வேகத்தையும் உணரிகள் அளந்துகொண்டே இருக்கின்றன. இன்ஜின் சுழற்றும் சக்கரம், காரின் வேகத்துக்குப் பொருந்தாமல் வீணாகச் சுற்றத் தொடங்கினால், கணினி இன்ஜின் தரும் உந்துதலைத் தணிக்கிறது அல்லது அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கிறது. அது அளப்பது வழுக்கலை. கட்டுப்படுத்துவதும் வழுக்கலைத்தான்.

வழுக்கல், சறுக்கல் இரண்டும் ஒன்றுதானே என்று தென்காசி நண்பர் கேட்டிருந்தார். இல்லை. இந்த விவாதத்தின் உயிரே அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. கிருஷ்ண ஜயந்திக்கு ஊரில் வழுக்குமரம் நடுவார்கள். எண்ணெய் தடவிய மரத்தில் இளைஞன் எவ்வளவு உந்தினாலும் கையும் காலும் பிடியில்லாமல் நழுவும். உழைப்பு இருக்கிறது, ஏற்றம் இல்லை. பள்ளிக்கூடத்து மைதானத்தில் இருப்பதோ சறுக்குமரம். அதில் உட்கார்ந்தவன் எதையும் உந்துவதில்லை. அவன் உடல் மொத்தமும் தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்சக்கரம் வெறுமனே சுற்றினால் அது வழுக்குமரம். வளைவில் காரின் வால் ஒதுங்கி வண்டியே பக்கவாட்டில் போனால் அது சறுக்குமரம். முதலாவதைப் பார்த்துக்கொள்வது டிராக்‌ஷன் கண்ட்ரோல். இரண்டாவதைப் பார்த்துக்கொள்வது 1995இல் மெர்சிடிஸ் கார்களில் வந்த இ.எஸ்.பி. என்ற நிலைப்பு ஏற்பாடு. நமக்கு இரண்டு மரம் இருக்கிறது, இரண்டு வினைச்சொல் இருக்கிறது. பிறகு எதற்கு இழுவையைப் பிடித்து இழுக்க வேண்டும்?

ஆகவே முதலாவது ‘வழுக்குக் காப்பு’, இரண்டாவது ‘சறுக்குக் காப்பு’ என்பது என் முன்மொழிவு. ‘வழுக்கல் தடுப்பு’ என்று வைக்காததற்குக் காரணம் உண்டு. வழுக்கலை முழுவதும் தடுத்துவிட்டால் கார் வேகமெடுக்காது. காய்ந்த தார்ச்சாலையில் டயர் தன் முழுப் பிடியையும் காட்டுவது, ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வழுக்கும்போதுதான். கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது சக்கரத்தின் விளிம்பு 55இல் சுற்றினால் 10 விழுக்காடு வழுக்கல் என்று கணக்கு. பந்தய ஓட்டுநர் அந்தச் சிறு வழுக்கலைத் தேடிப் போகிறார். மழைக்காலத்தில் வீடு திரும்புகிறவருக்கு அது வேண்டாம். குமிழின் ஒன்பது படிகளும் வேறொன்றுமில்லை: எவ்வளவு வழுக்கல்வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற எல்லைகள்.

அந்த எல்லைக்கு நமக்குத் தாமிரபரணிக் கரையில் சொல் கிடக்கிறது. வரம்பு. வயலுக்கு வரப்பு கட்டுவது தண்ணீரே வரக்கூடாது என்பதற்காக அல்ல. இவ்வளவு நிற்கட்டும், மிஞ்சினால் வெளியேறட்டும் என்பதற்காக. ஆகவே படிகளுக்கு ‘வழுக்குவரம்பு’. ஈரச் சாலையில் வரம்பு தாழ்வு, பந்தயத் தளத்தில் வரம்பு உயரம். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிமணலில் கார் சிக்கிக்கொண்டால் காப்பையே நீக்கிவிட வேண்டியிருக்கும், ஏனென்றால் அங்கே சக்கரம் சுற்றி மணலைத் தள்ளினால்தான் வண்டி நகரும். சக்கரம் சுற்றுகிறதே என்று கணினி இன்ஜினை அடக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் இறங்கித் தள்ள வேண்டியதுதான். நான் தள்ளியிருக்கிறேன்.

‘முட்டுக்கட்டை’ என்று ஒருவர் விளையாட்டாக எழுதியிருந்தார். விளையாட்டில் விஷயம் இருக்கிறது. ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் ரத வீதியின் முக்கில் திரும்புவதைப் பாருங்கள். வடம் பிடிக்கும் கூட்டம் இழுக்கிறது. தேரின் முகத்தைத் திருப்புவதோ சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்களின் கணக்கு. ஒரு பக்கச் சக்கரத்தைத் தடுத்தால் தேர் அந்தப் பக்கம் திரும்பும். ஒரே ஒரு சக்கரத்துக்குப் பிரேக் கொடுத்துக் காரின் மூக்கைத் திருப்பும் சறுக்குக் காப்பும் செய்வது அதைத்தான். ஆனால் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது என்று ஆகிவிட்டது. தேர்க்காரர்களுக்கு இது அநியாயம். என்ன செய்ய?

இனி ஸ்டியரிங். இங்கே ‘உணர்வு’ என்ற சொல்லை நான் எதிர்க்கிறேன், ஏனென்றால் பொத்தானை அழுத்தினால் மாறுவது உணர்வு அல்ல. 1988இல் சுசூகியின் செர்வோ என்ற சிறிய காரில் தொடங்கி, இன்று பெரும்பாலான கார்களில் இருப்பது மின்சார உதவி ஸ்டியரிங். ஓட்டுநர் திருப்பும்போது உள்ளே ஒரு மெல்லிய தண்டு சிறிதளவு முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கை உணரி அளந்து சொல்ல, மோட்டார் உதவிக்கு வரும். ‘கம்ஃபர்ட்’ என்றால் உதவி அதிகம், ‘ஸ்போர்ட்’ என்றால் உதவி குறைவு. பெரும்பாலான கார்களில் பல்சக்கர விகிதம், அதாவது ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவுக்குச் சக்கரம் எவ்வளவு திரும்பும் என்பது, அப்படியே இருக்கிறது. கைக்குத் தெரியும் கனம் மட்டும் மாறுகிறது.

உணர்வு என்பது வேறு. முன்சக்கரம் திரும்பியிருக்கும்போது டயர் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் கைக்கு வருகிறது. பிடி முழுவதும் போவதற்குச் சற்று முன்பே அந்த எதிர்ப்பு தளரத் தொடங்கிவிடும், ஸ்டியரிங் லேசாகும். தேர்ந்த ஓட்டுநர் அந்தக் கணத்தில் காலை எடுக்கிறார். போர்ஷே 911 காரில் 2011இல் மின்சார ஸ்டியரிங் வந்தபோது அதன் ரசிகர்கள் வருந்தியது இதற்காகத்தான். கனம் குறைந்ததற்காக அல்ல, தரை பேசுவது குறைந்துவிட்டதே என்பதற்காக. ஆடிக்காற்றில் காலி லாரியை ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஓட்டியதைப் பற்றிச் சித்தப்பா பேசும்போதெல்லாம், “ஸ்டியரிங் முன்கூட்டியே சொல்லிவிடும்” என்பார். அவர் ஒருபோதும் ‘உணர்வு’ என்று சொன்னதில்லை. ‘சொல்லும்’ என்றுதான் சொல்வார்.

எனவே மாற்றக்கூடிய கனத்துக்குக் ‘கைக்கனம்’, தரையிலிருந்து வரும் செய்திக்குக் ‘கைச்சேதி’. கைக்கனம் என்றதும் தலைக்கனம் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும். சேதி எதுவும் சொல்லாமல் கனத்தை மட்டும் கூட்டிக்காட்டும் ஸ்டியரிங்குக்கு அந்த நினைவு பொருத்தம்தான். தூத்துக்குடி நண்பரின் சுக்கான் தோணிக்கு அழகான சொல், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களிலும் ஸ்டியரிங்குக்குத் தனிச்சொல் தேவைப்படவே இல்லை. கை இருக்கிறது, போதும்.

‘முறை’ வேண்டாம் என்பதற்கு ஒரு வாக்கியம் போதும்: ‘இந்தக் காரில் வழுக்குக் காப்பை ஐந்து முறை மாற்றலாம்’. ஐந்து வகையாகவா, ஐந்து தடவையா? ‘நிலை’ என்றால் நிலைப்பு ஏற்பாட்டோடு குழம்பும். நான் ‘பாங்கு’ என்கிறேன். மழைப்பாங்கு, பந்தயப்பாங்கு. 2004இல் எஃப்430 காரின் ஸ்டியரிங்கில் பல பாங்குகளை ஒரு சிறு திருகில் வைத்த ஃபெராரி நிறுவனம், அதற்கு ‘மானெட்டினோ’ என்று பெயரிட்டது. இத்தாலிய மொழியில் சின்னப் பிடி என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அவர்களே அவ்வளவு எளிமையாக இருக்கும்போது நாம் ஏன் சங்கப் பலகை ஏற வேண்டும்?

பாளையங்கோட்டையிலிருந்து

•

அண்ணாச்சிக்கு,

வழுக்குமரம், சறுக்குமரம் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்கிறேன். மற்றவற்றில் இரண்டு இடங்களில் எங்கள் தெருவே உங்களை எதிர்க்கும்.

பாங்கு என்றால் மேலப்பாளையத்தில் ஒரே பொருள்தான். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பது. ‘மழைப்பாங்கு’ என்று சொன்னால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மழைக்காகத் தனியாக பாங்கு சொல்கிறார்களா என்று கேட்பார்கள். அடுத்தது கைச்சேதி. கைசேதம் என்ற சொல் எங்களிடம் நாள்தோறும் புழங்குகிறது. இழப்பு, வருத்தம் என்று பொருள். ஒரு காரில் ‘கைச்சேதி நன்றாக வருகிறது’ என்று எழுதினால் அந்தக் காரை எங்கள் பக்கம் யாரும் வாங்க மாட்டார்கள்.

பாங்குக்குப் பதிலாக ‘வாகு’ சரிப்படுமா? என் உம்மா பீடி சுற்றியவர். ஒரே இலை, ஒரே தூள், ஆனால் இவர் சுற்றினால் இறுக்கம், அவர் சுற்றினால் தளர்வு. அதைக் கைவாகு என்பார்கள். ஓட்டுகிறவர் தன் கைக்கு ஏற்றபடி காரை அமைத்துக்கொள்வதற்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன். மழைவாகு, சாலைவாகு, பந்தயவாகு.

இன்னொன்று. ஃபார்முலா 1 பந்தயத்தில் டிராக்‌ஷன் கண்ட்ரோலை 1994இல் தடை செய்து, 2001இல் அனுமதித்து, 2008இல் மறுபடியும் தடை செய்தார்கள். ‘காப்பு’ என்று பெயர் வைத்துவிட்டால், காப்பைத் தடை செய்தார்கள் என்பது பாதுகாப்பையே தடை செய்ததுபோல் ஒலிக்காதா? அங்கே பிரச்சினை ஓட்டுநரின் திறமையைக் கணினி செய்துவிடுகிறது என்பதுதானே?

மேலப்பாளையத்திலிருந்து

•

அன்புள்ள குழுவினருக்கு,

மேலப்பாளையத்துச் சகோதரிக்கு நன்றி. பாங்கைக் கைவிடுகிறேன். அரை நூற்றாண்டாக ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்துகொண்டு அது தோன்றாமல் போனது என் பிழை. வாகு மிக நல்ல சொல், எனக்கு வந்திருக்க வேண்டியது. கைச்சேதியும் போகட்டும். ‘தரைச்சேதி’ என்று மாற்றிக்கொள்ளலாம். சேதி வருவது தரையிலிருந்துதான் என்பதால் அதுவே இன்னும் சரி.

‘காப்பு’ பற்றிய கேள்விக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பந்தயத்தில் தடை செய்யப்பட்டது காப்புதான் என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன். வழுக்குமரத்தில் ஏறுகிறவனுக்குக் கயிறு கட்டிவிட்டால் அது போட்டியா? கட்டாதே என்றால் அவன் விழட்டும் என்று பொருளா?

நேற்று மாலை சித்தப்பாவைத் தொலைபேசியில் அழைத்துச் சொற்களைச் சோதித்தேன். வழுக்குவரம்பு, ஒன்பது படி என்றேன். விளக்கம் கேட்கவில்லை. “முதல் படியில் வரம்பு உயரமா, தாழ்வா?” என்று மட்டும் கேட்டார். தாழ்வு, ஈரச் சாலைக்கு. ஒன்பதில்தான் வழுக்கல் மிக அதிகம் என்றேன். அந்த மஞ்சள் குமிழ், சறுக்குக் காப்பை நீக்கிய பிறகே வேலை செய்யத் தொடங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ‘இழுவைக் கட்டுப்பாடு’, ‘நிலைப்புக் கட்டுப்பாடு’ என்று இருந்தபோது இந்த ஒரு செய்தியை மருமகனால் மூன்று முயற்சியிலும் புரியவைக்க முடியவில்லை. “வால் ஒதுங்கினால் நீயே பார்த்துக்கொள், டயர் சுற்றுவதை மட்டும் நான் பார்க்கிறேன் என்கிறதா?” என்றார். அதேதான்.

மிச்சம் இருப்பது அந்த ‘நீக்கிய’ என்பது. காப்பை நிறுத்தும் பொத்தானில் எழுத ‘நீக்கம்’ என்று நான் வைத்திருக்கிறேன். ‘விலக்கு’ என்று தென்காசி நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். மதுவிலக்கு நினைவுக்கு வருகிறது, எனக்கு அது வேண்டாம். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனிக்கிழமை மருமகனுக்குப் பட்டியலை அனுப்ப வேண்டும்.

பாளையங்கோட்டையிலிருந்து