மழையே இல்லை, ஆனால் விடிகாலையில் டென்ட் உள்ளே ஈரம்: ஒழுகுகிறதா?

ஓடைக்கரை:
வணக்கம். வார இறுதிக்குக் குடும்பத்தோடு ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு முகாம் இடத்துக்குப் போய் வந்தோம். அருமையான இடம். ஓடையை ஒட்டிப் புல்வெளி, அங்கொன்றும் இங்கொன்றுமாக டென்ட், இருட்டிய பிறகு தவளைச் சத்தம் மட்டும்தான். பிள்ளைகள் இருவருக்கும் கிளம்பவே மனமில்லை. மறுபடி போகத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு சிக்கலைத் தீர்த்தாக வேண்டும்.

முதல் இரவு சொட்டு மழை இல்லை, வானம் பளிச்சென்று இருந்தது. விடிகாலையில் எழுந்து பார்த்தால் கூரையின் உட்பக்கமெல்லாம் நீர்த்துளி. விரலால் தொட்டால் கோடாக வழிகிறது. ஸ்லீப்பிங் பேக்குகளின் கால்மாடு நனைந்திருந்தது. சின்னவள் நடுராத்திரியில் "முதுகு சில்லுன்னு இருக்கும்மா" என்று எழுந்து வந்து என்னோடு ஒட்டிக்கொண்டாள். அவள் படுத்திருந்தது காற்றடைத்த மெத்தை, மேலே கனமான போர்வையும் இருந்தது. மறுநாள் இரவு மழை பெய்தது. அப்போது ஒரு மூலையில் தரையிலேயே தண்ணீர் நின்றது.

டென்ட் இரட்டை அடுக்கு, நாலு பேர் படுக்கலாம். குளிர் என்பதால் ஜன்னல், காற்றுத் திறப்பு எல்லாவற்றையும் மூடியிருந்தோம். அடியில் தார்ப்பாய் விரித்திருந்தோம். நீர்புகா ஸ்பிரே வாங்கி அடிக்கலாம் என்கிறார் கணவர். படுப்பதற்கு முன் சின்ன கேஸ் ஹீட்டரைக் கொஞ்ச நேரம் உள்ளே வைத்து எடுத்தால் ஈரமும் குளிரும் போகுமா என்றும் யோசிக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய முளை:
அக்கா, ஹீட்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். கேஸ் ஹீட்டர், அடுப்பு, அணைந்ததுபோல் தெரியும் கரித்தணல், எதுவும் டென்ட்டுக்குள் வரக் கூடாது. முன்பக்கத் தாழ்வாரத்திலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். விழித்திருப்பவருக்காவது தலைவலி, குமட்டல் என்று தெரியும். தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சாம்பல் பூத்த தணலிலிருந்தும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளிவரும். ஈரம் போகாது, கூடத்தான் செய்யும்.

சரி, இப்போது ஈரத்துக்கு வருவோம். மழையே இல்லாத இரவில் எது ஒழுகும்? அது உங்கள் நாலு பேரின் மூச்சுதான். பெரியவர் ஒருவர் எட்டு மணி நேரத் தூக்கத்தில் மூச்சிலும் தோலிலுமாகக் கிட்டத்தட்டக் கால் லிட்டர் நீரை ஆவியாக விடுகிறார். எல்லாத் திறப்பும் மூடியிருந்தால் அது எங்கே போகும்? மேகமில்லாத இரவில் மேல் துணி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவே அதிகமாகக் குளிர்ந்துவிடும். ஜில்லென்ற தண்ணீர் பாட்டில் வெளிப்பக்கம் வேர்ப்பது போல, டென்ட் உட்பக்கம் வேர்க்கிறது.

அதனால் இன்னும் இறுக்கி மூடாதீர்கள், திறங்கள். கூரையிலுள்ள திறப்பும் கீழே தரையோரத் திறப்பும் சேர்ந்து திறந்திருக்க வேண்டும். ஈரக்காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று வரும். குளிருமே என்று தோன்றும். ஆனால் மெல்லிய டென்ட் துணி குளிரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. நனையாத படுக்கையும் காய்ந்த உடுப்பும்தான் சூடு காக்கும்.

மலைச்சாரல்:
ஸ்பிரே அடித்தால் நல்லதுதானே? நான் அடித்திருக்கிறேன், மழைத்துளி உருண்டு ஓடுகிறது.

பழைய முளை:
வெளிப்பக்கத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. துணி மழையில் ஊறிக் கனக்காமல் இருக்கும். ஆனால் உள்ளே சேரும் ஆவியை அது ஒன்றும் செய்யாது. இவர்கள் சிக்கல் உள்ளே.

மூங்கில்காடு:
தோழி, கால்மாடு மட்டும் நனைந்தது என்கிறீர்கள். உள் துணி தொய்ந்து வெளித் துணியைத் தொட்டுக்கொண்டிருந்ததா? நைலான் துணி ஈரப்பட்டால் தொய்யும். சாயங்காலம் முறுக்காகக் கட்டியது ராத்திரி பத்து மணிக்குத் தளர்ந்து தொங்கும். படுக்கப் போகுமுன் ஒரு சுற்று வந்து முளைக்கயிறு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுங்கள். நனைந்த துண்டு, சாக்ஸ், சேற்றுச் செருப்பு இவற்றை வெளித் தாழ்வாரத்தில் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஓடைக்கரை பார்க்க அழகுதான், ஆனால் குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரியில் சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் வந்து தேங்கும். ஓடையோரக் காற்றில் ஈரமும் அதிகம். பிள்ளைகளுக்கு ஓடை வேண்டுமென்றால் பகலில் அங்கே விளையாடட்டும். டென்ட்டைக் கொஞ்சம் மேட்டில், மரக்கிளைகள் கவிந்த இடத்தில் போடுங்கள். மரம் தலைக்கு மேலே இருந்தால் துணி அவ்வளவாகக் குளிராது, பனியும் குறையும். பட்ட கிளை தொங்குகிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். மேட்டில் போட்டால் மழையில் ஓடை ஏறிவிடுமோ என்ற கவலையும் இருக்காது.

ஓடைக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஹீட்டர் யோசனையை அப்போதே விட்டுவிட்டோம். ஆமாம், கால்மாட்டில் இரண்டு துணியும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. மழையில் தண்ணீர் நின்ற மூலைக்கு என்ன காரணமாக இருக்கும்? அந்தப் பக்கம் தார்ப்பாய் டென்ட்டுக்கு வெளியே அரை முழம் நீட்டிக்கொண்டிருந்தது. தரைத் துணியில் 3000 மி.மீ. என்று போட்டிருக்கிறது.

பழைய முளை:
அந்த அரை முழம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மேல் துணியில் வழியும் மழை நேராகத் தார்ப்பாயில் விழும். தார்ப்பாய் அதை மண்ணுக்குள் போகவிடாமல் டென்ட்டுக்கு அடியில் கொண்டுபோய்த் தேக்கும். நீங்கள் தண்ணீர்மேல் படுத்திருந்திருப்பீர்கள். 3000 மி.மீ. என்றால் மூன்று மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று கணக்கு. சும்மா கிடந்தால் தாங்கும். ஆனால் அடியில் தண்ணீர் நிற்கும்போது முழங்காலை ஊன்றினால் அந்த ஓரிடத்தில் அழுத்தம் எகிறும். பழகிய துணியோ தையல் விட்ட இடமோ என்றால் கசிந்துவிடும். தார்ப்பாயின் ஓரங்களை உள்பக்கமாக அடியில் மடித்துவிடுங்கள். நாலு பக்கமும் டென்ட்டைவிட ஐந்து செ.மீ. சின்னதாக இருக்கட்டும்.

சந்தேகம் தீர வேண்டுமா? வீட்டிலேயே திறந்தவெளியில் டென்ட்டைப் போட்டு, யாரும் படுக்காமல் ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் உள்ளே கிட்டத்தட்டக் காய்ந்திருந்தால் மூச்சுதான் காரணம். அப்புறம் தையல்மேல் தண்ணீரைப் பீய்ச்சி, உட்பக்கம் காகிதக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே வாருங்கள். எங்கே நனைகிறதோ அங்கே மட்டும் சீலர் (தையல் ஓட்டையை அடைக்கும் பசை) தடவினால் போதும்.

இரு பிள்ளைகளின் அப்பா:
சின்னவளின் முதுகைப் பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டிலும் இதே கதைதான். போர்வை எத்தனை போட்டாலும் குளிர் கீழேயிருந்து வரும். சாதாரணக் காற்று மெத்தைக்குள் வெறும் காற்றுதான். அது உள்ளேயே சுழன்று, உடம்புச் சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சும் உடம்புக்கு அடியில் நசுங்கிவிடுவதால் அங்கே பயன் தராது.

மெத்தையின் மேலே, குழந்தைக்கு நேர் கீழே, ஒரு ஃபோம் பாய் விரியுங்கள். பாய்களில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். எண் கூடினால் சூடு காக்கும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் இரண்டு எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். ஸ்லீப்பிங் பேக்கில் போட்டிருக்கும் வெப்பநிலை அளவு பெரியவர்களை வைத்துச் சோதித்தது, பிள்ளைகளுக்கு அதை அப்படியே நம்ப வேண்டாம். அவளுக்குப் பை பெரிதாக இருந்தால் காலடியில் மிஞ்சும் பகுதியை மடித்துக் கட்டிவிடுங்கள், வெற்றிடத்தைச் சூடாக்கியே குழந்தை களைத்துவிடும். பகலில் போட்ட உடுப்போடு படுக்க வைக்காதீர்கள். வேர்வை ஈரம் கண்ணுக்குத் தெரியாது, ராத்திரியில் சில்லிடும்.

மலைச்சாரல்:
முகத்தைப் பைக்குள் மூடிக்கொண்டு தூங்கும் பிள்ளை என்றால் அதையும் கவனியுங்கள். மூச்சின் ஈரம் முழுக்கப் பைக்குள்ளேயே போகும். ஒரு தொப்பி போட்டு முகத்தை வெளியே விடுங்கள்.

ஓடைக்கரை:
போட்டுப் பார்த்தோம். காலியாக விட்ட இரவு உள்ளே துடைக்க எதுவும் இல்லை. மறுநாள் நாங்கள் நால்வரும் மேலும் கீழும் திறந்து வைத்துப் படுத்தோம். கூரையில் லேசான ஈரம், வழியவில்லை. கால்மாடு காய்ந்தே இருந்தது. சின்னவள் ஃபோம் பாயில் விடியும்வரை புரளாமல் தூங்கினாள். தண்ணீர் பீய்ச்சியதில் கதவு ஜிப்புக்கு மேலே ஒரு தையலில் மட்டும் காகிதம் நனைந்தது, அங்கே சீலர் தடவிவிட்டோம்.

கடைசியாக ஒன்று. கிளம்பும் காலையில் மேல் துணி எப்படியும் நனைந்துதான் இருக்கும். அப்படியே சுருட்டிக் கொண்டுவரலாமா?

மூங்கில்காடு:
சுருட்டலாம், ஆனால் பையிலேயே விடாதீர்கள். மேல் துணியைத் தனிப் பையில் வையுங்கள், உள் துணி நனையாது. வீட்டுக்கு வந்த அன்றே இரண்டையும் விரித்து நிழலில் காயப்போடுங்கள். ஓரிரு நாள் ஈரமாகக் கிடந்தாலே பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். தொடர்ந்து ஈரத்தில் வைத்தால் துணியின் உட்பக்கத்தில் இருக்கும் நீர்புகாப் பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், அதற்கப்புறம் எந்த ஸ்பிரேயாலும் மீட்க முடியாது. தையல் மடிப்பும் முளைக்கயிறும்தான் கடைசியில் காயும். அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியுங்கள்.