ஸ்மோக்கர் (இறைச்சிய புகையில மெல்ல வேக வைக்கிற அடுப்பு) வாங்கலாமா, பீப்பாயில செஞ்சுக்கலாமா?

ஹட்டன்காரன்: அண்ணமாரே, வீட்டுல ஆறு பேரு, மாசத்துக்கு ரெண்டு தடவ கோழியோ பன்றியோ ஸ்மோக் பண்ணணும், கையில 40,000 ரூபா தான். கரண்டுல ஓடுறது லேசுன்னு சொல்றாங்க, வாங்கவா?

நுவரெலியா அண்ணன்: தம்பி, மழைக்கு கரண்டு போனா பன்றித் தொடை பாதி வேக்காட்டுல நிக்கும், எனக்கு நடந்துச்சு. சந்தோசமா 200 லீட்டர் இரும்பு பீப்பா ஒண்ணு பாரு, எண்ணெய் இருந்ததுன்னா உள்ள நல்லா நெருப்புப் போட்டு பெயிண்ட் எல்லாம் எரிச்சுட்டு பாவிச்சுக்க, நாகம் (துத்தநாகம்) பூசுன தகரம் மட்டும் வேணாம், சூடானா வர்ற புக கெடுதல். அடியில காத்துக்கு மூணு ஓட்ட, மூடியில ஒண்ணு, அம்புட்டுத்தான்.

பண்டாரவளை அக்கா: பக்கத்துல கரி எரியிற பெட்டி வச்ச மாடல் பாக்க அழகு, ஆனா மெல்லிசு தகடுன்னா நம்ம காத்துக்கு சூடு நிக்கவே நிக்காது, கரிய அள்ளி அள்ளி போடணும். பீங்கான் முட்ட மாதிரி வர்றது நல்லா சூடு புடிக்கும், வெலயக் கேட்டா தான் குளிரும்.

நுவரெலியா அண்ணன்: அதே. சிரட்டக்கரி போட்டு மேல காஞ்ச கொய்யாக் கட்ட ரெண்டு வையி. பைனஸ், டர்பன்டைன் மரக்கட்ட வேணாம், கசக்கும்.

ஹட்டன்காரன்: சூடு எவ்வளவுண்ணே?

பண்டாரவளை அக்கா: உள்ள 110–120 பாகை செல்சியஸ். மூடியில இருக்குற சூடு காட்டுற முள்ள நம்பாம குத்திப் பாக்குற தர்மாமீட்டர் ஒண்ணு வாங்கு, கோழிக்கு நடுவுல 74 வரணும்.