சூட்டுல ஒரு பிஹெச், ஆறினா ஒரு பிஹெச்: எதை எழுதறதுங்க?

வணக்கமுங்க. திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல இருக்கேன். ரியாக்டிவ் சாயத்துக்கு (காரத்துல பருத்தியோட வேதியா ஒட்டுற சாயம்) சோடா போட்ட தண்ணியோட பிஹெச்ச, அதாவது அமில-கார அளவ, 60 டிகிரியில மீட்டர்ல பார்த்தா 10.4. அதே டம்ளரை ஆறவெச்சா 10.9. மீட்டர்ல வெப்பத் திருத்தம் ஓடிட்டுத்தான் இருக்குது. ஆனா அது எலக்ட்ரோடைத்தான் சரிபண்ணும், தண்ணி மாறுறத இல்லைங்களே.

25 டிகிரியில சுத்தத் தண்ணிக்கு நடுநிலை 7. 60-ல அயனியாதல் கூடி 6.5-க்கு வந்துருது. அதுக்காக அமிலம் ஆயிடலைங்க, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் அப்பவும் சமந்தான். (மேஸ்திரிகிட்டச் சொன்னா, "சுடுதண்ணி புளிக்குமா கண்ணு"ங்கறார்.)

ரெசிபி கார்டுல 10.8னு இருக்குறது ஆறின அளவா, சூட்டு அளவா? நீங்க எத்தனை டிகிரியில பார்த்துட்டுச் சோடா சேர்க்கறீங்க? நாளைக்குக் காலைல நேவி (கருநீல) லாட் சாயத்துக்கு ஏறுதுங்க.