புதுப்பிப்பு: டெக்சாஸ் பிஇ லைசன்ஸ், 15 மணி நேரம் தேறிடுச்சு

கோலாலம்பூர்ல இருந்துகிட்டு டெக்சாஸ் பிஇ (ப்ரொஃபஷனல் இன்ஜினியர்) லைசன்ஸ் ரினியூ பண்ணணும், வருஷத்துக்கு 15 பிடிஎச், அதாவது தொழில் பயிற்சி மணி நேரம், வேணும், கைல 11தான்னு போன வாரம் புலம்பினேன்ல, முடிஞ்சுது! மிஞ்சின மணிய 14 வரைக்கும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிக்கலாம்னு இங்க ஒரு அண்ணன் சொன்னாரு, உடனே பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுல ஃபைல குடைஞ்சா போன வருஷ வெல்டிங் செமினார் சர்டிபிகேட், மூலைல சம்பல் கறையோட, அதுல 3 தேறுச்சு. பெட்டாலிங் ஜெயால நடந்த அந்த செமினார் செல்லுமான்னு கேட்டவங்களுக்கு: லைசன்ஸ் தர்ற டெக்சாஸ் போர்டு முன்கூட்டியே அப்ரூவ் பண்ணியிருக்கணும்னு இல்ல, வேலைக்கு சம்பந்தப்பட்டதா இருந்தா போதும்.

எத்திக்ஸ் 1 மணி கட்டாயம், அதுக்கு வெபினார், டெக்சாஸ்ல மத்தியானம்னா நமக்கு நடுராத்திரி, தே தாரிக் டீ குடிச்சும் கண்ணு சொருகுது லா. சர்டிபிகேட்ட 3 வருஷம் பத்திரமா வைங்க, ஆடிட்ல கேப்பாங்க.