கலைச்சொல் விவாதம்: மரத்தில் கட்டி ஏறும் படிகளுக்கு என்ன பெயர்?

தருமபுரியிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் மரமேறும் முறைகளைப் பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பது எல்லோருக்கும் தெரியும். நானும் வேட்டைக்காக எழுதவில்லை. புளி உலுக்க ஏறுகிறவர்கள், ராகிக் காவலுக்குப் பரண் கட்டுகிறவர்கள், மரத்து மேலே கேமரா வைக்கும் ஆய்வு மாணவர்கள் ஆகியோருக்கு உதவட்டும் என்றுதான் எடுத்தேன்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. முதுகில் சுமந்துபோய், மரத்தில் ஒவ்வொன்றாகக் கட்டி ஏறி, இறங்கும்போது கழற்றி எடுத்துவரும் அந்தப் படிகளுக்கு 'மரமேறு படி', 'கட்டுப்படி', 'பட்டைப்படி' என மூன்று பெயர்கள் குறித்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

தம்பி, வணக்கம். 'கட்டுப்படி' வேண்டவே வேண்டாம். அந்தப் படிகளின் விலையைக் கேட்டதும் நம்மூர்க்காரர் சொல்லப்போகும் முதல் வார்த்தையே 'கட்டுப்படியாகாது' என்பதுதான்.

'பட்டைப்படி' அதைவிட மோசம். மரத்தின் தோலும் பட்டை, இறுக்கிக் கட்டும் நாடாவும் பட்டை. 'பட்டை நைந்திருந்தால் ஏறாதே' என்று கையேட்டில் போட்டால் படிக்கிறவர் எதைத் தடவிப் பார்ப்பார்? நாடாவுக்கு 'வார்' என்று வைத்துவிடுங்கள். மாட்டு வண்டிக்காரருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் பழகிய சொல்தான். பட்டை என்றால் மரத்தில் இருப்பது மட்டும் என்று ஆகிவிடும்.

'மரமேறு படி' பொதுப்பெயராக இருக்கட்டும். ஆனால் அதற்குள் வேறு வேறு கருவிகள் இருக்கின்றன. மரத்தை எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் ஒன்றுக்கொன்று வேறுபாடு, ஆபத்தும் அங்கேதான். பெயர் அந்தப் பிடிமானத்தைச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, நுனியில் மரை உள்ள இரும்புப் படி. மரத்துக்குள் திருகி இறக்கிவிட்டு அதன் மேல் கால் வைப்பார்கள். இதைத் 'திருகுப்படி' என்று சொல்லிவிடலாம். மலிவு, சுமக்க எளிது. ஆனால் ஒவ்வொரு படியும் மரத்தில் ஒரு துளை போடுகிறது. அமெரிக்காவிலேயே பொது நிலங்கள் பலவற்றில் இதைத் திருகக் கூடாது. உளுத்த கட்டையில் திருகினால் மரை பிடித்ததுபோல் இருந்து, ஆள் ஏறியதும் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். வருடாவருடம் காய்க்கிற புளியமரத்தில் துளை போட எந்தக் குத்தகைக்காரரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே இதற்குக் கையேட்டில் ஒரு பத்தி போதும்.

இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது. ஓர் அலுமினியக் குழாய், 20 முதல் 32 அங்குலம் வரை நீளம். அதில் இரண்டு அல்லது மூன்று படிகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். எடை சுமார் ஒரு கிலோ. நான்கு இருந்தால் ஏறத்தாழ 15 அடி ஏறலாம். இதற்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. மலைத்தேன் எடுக்க ஏறும் மூங்கிலை மலைபடுகடாம் 'மால்பு' என்கிறது. அதற்குக் கண்ணேணி என்று பொருள் சொல்வார்கள். கண் என்பது கணு. ஒற்றை மூங்கில், கணுவில் கிளையை நறுக்கிவிட்டு மிச்சமிருக்கும் முளையில் கால் வைத்து ஏறுவது. ஒற்றைத் தண்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்பிடி என்ற இரண்டும் இந்த அலுமினியக் கருவியிலும் அப்படியே இருக்கின்றன. ஆகவே 'கண்ணேணி'. பொருள் தெளிவாக வேண்டிய இடத்தில் 'கட்டு கண்ணேணி' என்று எழுதுங்கள்.

பாகங்களுக்கும் பெயர் வேண்டும். குழாயின் பின்பக்கம் மரத்தில் பதிவதற்கு ஆங்கில 'வி' எழுத்து வடிவில் ஒரு தாங்கி இருக்கும். அது குழாயை மரத்திலிருந்து தள்ளி நிறுத்தும். இல்லாவிட்டால் செருப்பின் நுனிதான் படியில் நிற்கும், பாதம் ஊன்றாது. அதை 'முட்டு' என்று சொல்லலாம். கொத்தனார் 'முட்டுக் கொடு' என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். கண்ணேணி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த முட்டுத் தாங்கியைத்தான். அடிமரம் பருத்த புளியில் இரண்டு முனைகளும் பதிகின்றனவா, வளைந்த மரத்தில் ஒரு முனை அந்தரத்தில் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வார் மரத்தைச் சுற்றி வருகிற அளவுக்கு நீளமா என்பதையும் வீட்டிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும். நம் சாலையோரத்துப் பழைய புளியமரங்களில் பலவற்றுக்குக் கடையில் வரும் வார் எட்டாது.

கட்டும் முறையைக் கொஞ்சம் விரித்தே எழுதுங்கள். வாரை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முறுக்கில்லாமல் கொக்கியில் மாட்டி இறுக்குவது பாதி வேலைதான். அதற்குப் பிறகு கண்ணேணியைக் கீழ்நோக்கி அழுத்தி இழுக்க வேண்டும், அப்போதுதான் முட்டு மரத்தைக் கவ்வும். இதைச் செய்யாமல் ஏறினால் முதல் மிதியிலேயே இரண்டு விரற்கடை நழுவும், மேலே நிற்கிறவருக்கு உயிரே போய்விடும். இந்தச் செயலுக்குக் 'கவ்வ வைத்தல்' என்று பெயர் கொடுங்கள். லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் பழகியவருக்கு இறுக்கத் தெரியும், ஆனால் கவ்வ வைக்கத் தோன்றாது.

மரமும் முக்கியம். புளி, வேம்பு போன்றவற்றின் சொரசொரப்பான பட்டையில் முட்டு நன்றாகப் பதியும். தைலமரத்தில் பட்டை உரிந்து உரிந்து வரும், அதில் கட்டாமல் இருப்பதே மேல்.

கண்ணேணி ஏறுவதற்குத்தான், ஆளைப் பிடித்துக்கொள்ளாது. இடுப்பிலிருந்து மரத்தைச் சுற்றிவரும் கயிறு தரையிலிருந்தே மாட்டியிருக்க வேண்டும். அது இருந்தால்தான் இரண்டு கையாலும் அடுத்த கண்ணேணியைக் கட்ட முடியும். மின் கம்பம் ஏறுபவர்களின் பெல்ட்டும் இந்த வகைதான். 'இடைக்கயிறு' என்று சொல்லலாம். கிளை குறுக்கிட்டால் அதற்கு மேலே இன்னொரு கயிற்றை மாட்டிய பிறகே கீழ்க்கயிற்றைக் கழற்ற வேண்டும். பலர் விழுவது பரணில் உட்கார்ந்திருக்கும்போது இல்லை, படியிலிருந்து பரணுக்கு மாறும்போது. அதனால் கடைசிக் கண்ணேணி பரணைவிட உயரமாகப் போக வேண்டும். பரணுக்குள் இறங்கிக் கால் வைக்க வேண்டுமே தவிர எம்பி ஏறக் கூடாது. வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைக் குண்டு எடுத்துவிட்டுக் கயிற்றில் கட்டிப் பிறகு மேலே இழுப்பார்கள். நம்மவர் துரட்டியையும் அரிவாளையும் அப்படித்தான் ஏற்ற வேண்டும், இடுப்பில் செருகிக்கொண்டு ஏறக் கூடாது.

பென்னாகரத்திலிருந்து:

ஐயா சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, ஒரே ஒரு தயக்கம். எங்கள் காட்டோர ஊர்களில் கண்ணி என்றால் சுருக்குதான். காட்டுப்பன்றிக்குக் கம்பிக் கண்ணி வைத்து வழக்கில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். 'கண்ணேணி கட்டப் போகிறேன்' என்று ஒருவர் சொன்னால் வனக்காவலர் காதில் எப்படி விழும்? காவிரி வடக்குச் சரணாலயம் 2014இல் வந்த பிறகு கெடுபிடி அதிகம்.

அப்புறம், கண்ணேணியின் அடியில் கயிற்றுப் படி ஒன்றைத் தொங்கவிட்டு எட்டும் உயரத்தைக் கூட்டுவார்கள். அதற்கும் பெயர் வேண்டும். தயவுசெய்து 'காற்கண்ணி' என்று வைத்துவிடாதீர்கள்! பனையேறிகள் காலில் போடும் 'தளை' பொருந்துமா?

ஒகேனக்கல் பக்கம் ஆற்றோர நீர்மருதுகளில் நரை அணில் கூடுகளைப் பார்க்க ஏறுகிறவர்களுக்கும் இந்தக் கையேடு போகும் என்பதால், வழவழப்பான பட்டையில் வார் நழுவும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

கண்ணியும் ஏணியும் சேர்ந்தால் 'கண்ணியேணி' ஆகும், இடையில் யகரம் வரும். கண்ணும் ஏணியும் சேர்ந்தால்தான் 'கண்ணேணி'. எழுத்தில் குழப்பம் இல்லை. காதில் விழும்போது குழப்பம் வரலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் 'கட்டு கண்ணேணி'யை மாற்றி 'கழல் கண்ணேணி' என்று வைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் கழல் என்றதும் வீரக்கழல் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. முதலில் சொன்னதே இருக்கட்டும்.

'தளை' பொருந்தாது. தளை இரண்டு காலையும் பிணைக்கும், ஆளோடு சேர்ந்தே ஏறும். இது கருவியில் தொங்குவது, ஒரு காலுக்கு மட்டும். 'தொங்குபடி' போதும். பேருந்துப் படியில் தொங்குகிற பையன்கள் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

இன்னொன்றும் விட்டுப்போயிற்று. உடலில் மாட்டும் பாதுகாப்புக் கச்சையில் விழுந்து தொங்குகிறவருக்குத் தொடை இறுகி இரத்த ஓட்டம் தடைப்படும். சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். காலை ஊன்றி எடையைக் குறைத்துக்கொள்ள ஒரு கயிற்று வளையம் எப்போதும் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். அதற்கும் தொங்குபடியையே பயன்படுத்தலாம்.

தருமபுரியிலிருந்து:

சரி ஐயா. திருகுப்படி, கட்டு கண்ணேணி, முட்டு, வார், இடைக்கயிறு, தொங்குபடி ஆகிய ஆறையும் கையேட்டில் ஏற்றிவிடுகிறேன். 'கவ்வ வைத்த'லையும் வினையாக எழுதுகிறேன். சில கண்ணேணிகளில் வாருக்குப் பதிலாகக் கயிறும், அதைப் பல்லால் கடித்துப் பிடிக்கும் சின்னப் பூட்டும் வருகின்றன, அந்தப் பூட்டுக்கு மட்டும் பெயர் பாக்கி நிற்கிறது. 'கடிபூட்டு' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கள் அச்சுக்குப் போகிறது.